தட்டிப் பார்த்த இடமெல்லாம் இரும்பு

உட்காரலாமாம், ஸ்டார்ட் பண்ணக்கூடாதாம். கதவைத் திறந்து மூடலாம், ஹாரன் அடிக்கக்கூடாது. சாவி உள்ளே சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருக்கிறது, ராகு காலம் முடிந்துதான் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமையில் நாலரையிலிருந்து ஆறு. செல்வராணி அக்கா இதைச் சொன்னபோது எங்க அப்பா தலையாட்டிய அழகைப் பார்க்கணுமே, காலையில் பூசையில் ஃபாதருக்கு ஆமென் சொன்ன அதே தலை. எங்களுக்கு ஏது ராகு காலம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தார். இப்போது அவர் உள்ளே ஃபேனுக்குக் கீழே காப்பி குடித்துக்கொண்டு வண்டிக்குச் சொந்தக்காரர் தெய்வேந்திரன் அண்ணாச்சியிடம் தூத்துக்குடித் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வெளியே போர்டிகோவில், இன்னும் எங்களுடையது ஆகாத ஒரு பழைய பியட் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சுவர். சுவரில் ஒரு பல்லி. பல்லிக்கும் ராகு காலம் போல, அசையவே இல்லை. சும்மா உட்காருவது எனக்கு ஆகாது. சும்மா உட்கார்ந்தால் மண்டை தானாக ஓட ஆரம்பிக்கும், பிரேக் பிடிக்காது. அப்பா வேறு உள்ளே போவதற்கு முன்னால் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எம்மா, ஜெனோ, இதுல நான் கண்ணு தெரியாதவன். நீ நல்லாருக்குன்னு சொன்னா எடுப்போம். துரு கிரு இருக்குன்னு சொன்னா வெத்தலை பாக்கைத் திருப்பிக் குடுத்துட்டு பஸ் ஏறிருவோம். ஆறு மணிக்குள்ள சொல்லிரு." அவ்வளவுதான். அடியில துரு இருக்குப்பா. மூன்று வார்த்தை. சொன்னால் போதும், இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வராது. இது வராவிட்டால் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற இன்னொரு ஓட்டை வண்டி எங்கேயும் போகாது. அது போகாவிட்டால் கப்பலுக்குப் போன டெல்வின் அண்ணன் வருவான். வருவானா? வருவான் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பொய் சொல்வது எனக்கு வராது, அதுதான் தொந்தரவு. வாயில் வருவதைச் சொல்லிவிடுவேன், அதனாலேயே ஸ்கூலில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது, மீதிப் பேருக்குப் பயம். ஆகவே பொய் சொல்ல வேண்டாம், உண்மையிலேயே ஒரு துருவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று இறங்கித் தேடுகிறேன். கையில் காந்தம் இருக்கிறது, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றியிருக்கிறேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி. உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் டக்கென்று ஒட்டும். ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது, நழுவி விழும். பிறகு விரலை மடக்கித் தட்டணும். இரும்பு பதில் சொல்லும், பட்டி முனகும். முன் மட்கார்டு, டக். டயருக்கு மேலே வளைகிற இடம், முதலில் அரிப்பது அங்கேதான், டக். கதவுக்கு அடி, மழைத் தண்ணீர் தங்கும் இடம், விரலை உள்ளே விட்டு நெருடினால் பொருக்கு உதிரணும், வெறும் தூசிதான் வருகிறது, நல்ல காய்ந்த கரிசல் தூசி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன், அந்தக் குழிக்குள் பெயின்ட் புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. எரிச்சலாக இருக்கிறது. ஒரு வண்டி என்னைவிட இருபது வயசு பெரியது, அதுக்கு உடம்பில் ஒரு புண் இல்லை என்றால் அது என்ன வண்டி? கோவில்பட்டியில் காற்றில் உப்பு கிடையாது, அதுதான் ரகசியம். இங்கே இரும்பு இரும்பாகவே இருக்கிறது. எங்க ஊரில் ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள், ஃபேன் கொக்கி, கல்லறைத் தோட்டத்துச் சிலுவை எல்லாம் ஒரே நிறம். போன வருஷம் வாங்கிய பூட்டை இந்த வருஷம் சுத்தியலால்தான் திறக்க முடியும். அம்மா கொடியில் போடும் கிளிப்பு கூட ஆறு மாசத்தில் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிடும். என்னுடைய எல்லாச் சட்டையிலும் அந்தப் பொட்டு இருக்கிறது. இந்தச் சட்டையிலும், இதோ, தோளில்.

செல்வராணி அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வண்டிக்கு வைத்தியம் பாக்கிறியா?" என்றார். "இல்லக்கா, துரு தேடுறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "எங்க வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பவுடர் போடாட்டாலும் வண்டிக்கு மெழுகு போடுவாரு. அவருக்கு முட்டி மட்டும் நல்லா இருந்தா இது இந்த வாசலைத் தாண்டாது. கிளச்சை மிதிச்சா உயிர் போகுதுங்கிறாரு. தேடு தேடு. கிடைச்சா எனக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே அண்ணாச்சி சிரிக்கும் சத்தம். "கஸ்பாரு, உங்க பொண்ணு டாக்டருக்குப் படிக்கிதோ?" அப்பாவின் குரல் இறங்குகிறது. "பதினொண்ணுல நின்னுட்டா அண்ணாச்சி." அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. அந்த அமைதி எனக்கு நல்லாத் தெரியும், எந்த வீட்டுக்குப் போனாலும் வரும், சோபா உறை மாதிரி எல்லா வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஏன் நின்றாய் என்று கேட்காதவர்கள் யாரும் இல்லை. எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. ஒரு நாள் காலையில் யூனிபார்ம் போட்டேன், சடை போட்டேன், ஒரு கால் சாக்ஸ் போட்டேன். இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள்தான். அதைப் போடவே இல்லை. மிஸ் அடித்தார்களா, இல்லை. பையன் விவகாரமா, இல்லவே இல்லை. மார்க்கு போனதா, போனது, ஆனால் அது எல்லாருக்கும் போனது. உள்ளே என்னவோ நின்றுவிட்டது, பெட்ரோல் இருக்கும்போதே நிற்குமே சில வண்டி, அப்படி. அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போனாள். அப்பா ஹார்பரிலிருந்து வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் யாரிடமும் பேசவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான், அதைப் போய்ப் பெரிசு பண்ணினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் அந்த வண்டியைக் கொண்டுவந்தான். உப்பு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி, தெருவே வேடிக்கை பார்க்க, ஸ்டியரிங்கில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தான். கடற்கரைப் பக்கம் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனி வளாகத்தில் சீமைக் கருவேலப் புதருக்குள் கிடந்ததாம். ஒரு காலத்தில் வானநீலமாக இருந்திருக்கும். கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தகரமே இல்லை, காலை நீட்டினால் தெரு. "ஏட்டி ஜெனோ, வெளிய வந்து பாரு, நமக்கு ஒரு காரு" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். நான் ஜன்னலுக்கு மட்டும் வந்தேன். "ஓட்டையா இருக்கு" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் சொன்ன வார்த்தை அதுதான் என்று அம்மா இப்போதும் சொல்லிக்காட்டுவாள். "மேல போர்வைதாம்ட்டி கிழிஞ்சிருக்கு, அடி ஸ்ட்ராங்கா இருக்கு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துருவோம்" என்றான். அடி ஸ்ட்ராங்கா இருக்கு. அதை எத்தனை தடவை சொல்லியிருப்பான்! நான் நம்பினேன். அவன் சொன்னால் நான் நம்புவேன், எனக்கு அப்போது அவனைத் தவிர வேறு யார் சொன்னதும் காதில் ஏறவில்லை. மறுநாள் இரண்டு சாக்கை எடுத்துக்கொண்டு "மண்ணு அள்ளப் போலாம் வா" என்றான். துருவைத் தேய்த்து எடுக்க மணல் வேணுமாம், பட்டறையில் மணல் அடிக்கக் காசு கேட்பானாம், கடற்கரையில் ஓசியில் கிடக்கிறதாம். போனோம். ஈர மணல். காலைப் பிடித்து இழுக்கிற அலை. அவன் சாக்கைப் பிடிக்க நான் அள்ளிப் போட்டேன், கையெல்லாம் கீறியது, வெயிலில் கண் கூசியது, எத்தனை நாளாக நான் வெயிலையே பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரம் கதவு கதவாகத் தேய்த்தோம். சாக்குத் துணியில் மணலை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்க்க, தகரம் வெள்ளியாகப் பளபளத்தது. பிரைமர் அடித்தோம். அதற்கடுத்த வாரம் பிரைமருக்குள்ளிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, முன்னைவிடச் சிவப்பாக, அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது வண்டி. டிங்கர் பட்டறைக்காரர் வந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "ஏலே டெல்வினு, கடலையே அள்ளிட்டு வந்து வண்டியில பூசியிருக்கீங்களேல. இதுக்கு மீனை உள்ள விட்டிருந்தா வாடகையாவது வந்திருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி கெட்டுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

காந்தம் கைச்சூட்டில் வேர்த்துவிட்டது. இன்னும் பார்க்காதது எது? பேட்டரி வைக்கிற தட்டு. ஆசிட் சிந்திச் சிந்தி எவ்வளவு பெரிய கம்பெனி வண்டியானாலும் அங்கே அரிச்சிருக்கும். பானெட்டைத் தூக்கினேன். எண்ணெய் வாசனை, ரப்பர் வாசனை, சூடே இல்லாத சுத்தமான எஞ்சின். தட்டுக்கு அடியில் விரலை விட்டேன். வழவழவென்று இருந்தது. அண்ணாச்சி அதற்குக்கூட ரப்பர் ஷீட் வெட்டிப் போட்டிருக்கிறார். மனுஷன் எப்படி இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒன்றை வைத்திருக்க முடியும்? எங்கள் வண்டிக்கு எஞ்சினே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மேல் பாகத்தை அண்ணன் கழற்றி அவனுடைய பழைய கைலியில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டுப் போனான். நட்டும் போல்ட்டும் ஒரு பால்பவுடர் டப்பாவில். எது எங்கே போகும் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு டிரிப்பு போய்ட்டு வந்து மாட்டுறேன், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போனான். ஒரு டிரிப்பு முடிந்தது. லீவில் வரவில்லை, பம்பாயிலேயே இருந்துவிட்டு அடுத்த கப்பல் ஏறினான். அதுவும் முடிந்தது. இப்போது மூன்றாவது. சண்டை எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. சண்டை என்றால் யார் பக்கம் தப்பு என்று பேசலாம், மன்னிப்பு கேட்கச் சொல்லலாம். வெறுமனே வராமல் இருப்பவனை என்ன செய்வது? பாதியில் விட்டுவிட்டுப் போனவன் அந்தப் பாதிக்காகவாவது வருவான் என்று நான் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. பானெட்டில் அம்மா மிளகாய் வத்தல் காயப்போட்டால் சண்டை போடுவேன். மழை வந்தால் தார்ப்பாய் போடுவேன். டயரெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது, கதவுக்கு அடியில் கைவைத்தால் பிஸ்கட் மாதிரி உடைகிறது, எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் அது அங்கே நிற்கிற வரைக்கும் வீட்டில் அவனுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அவனே போன மாசம் அப்பாவிடம் ஃபோனில் சொல்லிவிட்டான். "அத எடைக்குப் போட்டுட்டு நல்ல வண்டியா ஒண்ணு எடுங்க. ஜெனோவுக்குத்தான் லைசென்ஸ் வந்துட்டுல்ல, கல்யாணத்துக்கு ஓட்டட்டும். பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திட்டு வர இப்ப எல்லாவனும் பழைய வண்டியத்தான் கேக்கிறான்." அப்பாவுக்கு அதைக் கேட்டதும் பத்து வயசு குறைந்துவிட்டது. மகள் ஏதோ ஒன்று செய்யப்போகிறாள். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். இந்த வண்டியில் ரோஜா மாலை சுற்றி மாதா கோயில் வாசலில் நான் கொண்டுவந்து நிறுத்துவதை எத்தனையோ தடவை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஸ்டியரிங்கோடு ஒட்டிய கை கியர், மெதுவாக இரண்டாவதுக்கு மாற்றி, குலுக்காமல், பொண்ணு தலையில் பூ அசையாமல். ஆசை இருக்கிறது. ஆனால் முற்றத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கிறது.

அதனால் மறுபடி சீட்டில் வந்து உட்கார்ந்து, காலுக்கடியில் மேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசி இடம், அங்கேயும் இல்லை, இரும்பு, கறுப்பாக, சாந்தமாக, இனிமேல் பொய்தான் சொல்லணும் என்று முடிவாகிறது. அடியில துரு இருக்குப்பா. அப்பா நம்புவார். அண்ணாச்சி கோபப்படுவார், படட்டும். நாங்கள் பஸ்ஸில் போவோம். ஜன்னல் ஓரத்தில் அப்பா உட்கார்ந்து வருவார். எட்டயபுரம் தாண்டியதும் அவர் தூங்கிவிடுவார், தலை கம்பியில் இடிக்கும். பிறகு? பிறகு நாளைக்கும் அது நிற்கும், நாளை மறுநாளும் நிற்கும். நான் தார்ப்பாயைப் போட்டு எடுத்து, எடுத்துப் போட்டு. எதுக்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும், அவனையே கேட்டால் என்ன? இத்தனை நாளில் நான் இதைக் கேட்டதே இல்லை. சாப்பிட்டியா, எந்த ஊரு, அங்க என்ன மணி, இதைத்தான் கேட்டிருக்கிறேன். எதையும் நேராகக் கேட்பவள் என்று ஊரெல்லாம் பேர், இதை மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் வந்துவிடும். ஃபோனை எடுத்தேன். கை அழுத்திவிட்டது. கப்பல் கரையில் இருந்தால் எடுப்பான், இல்லாவிட்டால் எடுக்க மாட்டான், எடுக்காதே எடுக்காதே என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டான்.

"என்னட்டி, வண்டி வாங்கியாச்சா?" பின்னால் என்னவோ இரையும் சத்தம், யாரோ இந்தியில் கத்துகிறார்கள். "இன்னும் இல்ல. ராகு காலம்." "யாருக்கு, அப்பாவுக்கா?" சிரித்தான். அதே சிரிப்பு, மூக்கால் ஆரம்பிப்பது. "எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு." "தட்டிப் பார்த்த இடமெல்லாம் இரும்பு." "பொறவென்ன, எடு." "எடுக்க வேண்டாம்னு பாக்கிறேன்." "ஏன்?" "நம்ம வண்டிய நீ வந்து மாட்டுறேன்னு சொன்ன. எப்ப வருவ?" இரைச்சல் மட்டும். "இங்க மழைட்டி" என்றான். "நான் மழையக் கேக்கல" என்றேன். மறுபடி இரைச்சல். கதவு ஒன்றைச் சாத்திக்கொண்டு எங்கேயோ உள்ளே வந்தான் போல, சத்தம் அடங்கியது, குரல் பக்கத்தில் வந்தது. "ஜெனோ, அந்த வண்டி ஓடாது. அது எனக்கு ஐஸ் கம்பெனியில பாக்கும்போதே தெரியும். அடி மொத்தமும் போச்சு. கயிறு கட்டி இழுக்கும்போதே பாதி வழியில ரெண்டா உடைஞ்சிரும்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்." நான் பல்லியைப் பார்த்தேன். "அடி ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொன்ன." "சொன்னேன்." "மணல்ல தேய்ச்சோமே." "கடல் மண்ணுல உப்பு இருக்கும்னு தூத்துக்குடியில பொறந்தவனுக்குத் தெரியாதாட்டி?" "அப்ப எதுக்கு..." "நீ எந்திரிச்சு வரணும்ல. கடைக்குக் கூப்பிட்டேன், வரல. பொருட்காட்சிக்குக் கூப்பிட்டேன், வரல. மண்ணு அள்ளப் போலாம்னேன், வந்த. அதான். டிங்கரு சொன்னதுக்கு நீ சிரிச்சியே, அன்னைக்கே என் வேலை முடிஞ்சிருச்சு. அதுக்குப் பொறவு நீதான் அத விடல." எனக்கு முதலில் வந்தது கோபம். "வண்டியக் கெடுத்தது நீதானா அப்போ?" என்றேன். "வண்டி எப்பவோ கெட்டுப்போச்சுட்டி, நான் அதுக்கு உப்பு வச்சேன், அவ்ளோதான்" என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. "எப்ப வருவன்னு கேட்டேன்." "இப்போதைக்கு வரல." அவ்வளவு லேசாகச் சொல்லவில்லை, இடையில் மூச்சு விட்டான். "வீட்டுல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது ஜெனோ. உனக்கு ஒரு சாக்ஸு மாதிரி. காரணம் கேக்காத. யாரு மேலயும் கோவம் இல்ல. நல்ல வண்டிய எடு, என்ன?" யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அது அவன் பேர் மாதிரியே இல்லை, டெல் டெல் என்று. "வைக்கிறேன்" என்றான். வைத்துவிட்டான்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரெக்ஸின் சீட்டு முதுகில் ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம்தான் வந்தது. சாக்ஸைப் பற்றி அவனுக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் சொன்னதில்லை, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கணும். எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டபோது அவன் மட்டும் கேட்கவில்லை, ஒரு உடைந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து போட்டான். அவனுக்கு நான் எதைக் கொண்டுபோய்ப் போடுவது? எந்த வாசலில்? நடுக்கடலில் மண்ணு அள்ளப் போலாம் வா என்று கூப்பிட முடியுமா? இத்தனை நாளாக அவனுக்காக நான் வைத்திருக்கிறேன் என்று நினைத்த வண்டி எனக்காக அவன் வைத்தது. நான் தார்ப்பாய் போட்டு மூடியதெல்லாம் என்னையேதான். இதைப் புரிந்துகொண்டதால் ஒன்றும் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புரிந்தால் லேசாகிவிடும் என்பார்கள். இல்லை. அவன் மூக்கால் சிரித்த சிரிப்பு காதுக்குள்ளேயே இருக்கிறது. அவன் இங்கே, இந்தப் பக்கத்து சீட்டில், காலை டாஷ்போர்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மெதுவாட்டி, இது எருமை இல்ல" என்று சொல்லணும். அது வேணும். துரு வண்டி வேண்டாம், நல்ல வண்டியும் வேண்டாம், அவன் வேணும். அவனை எடைக்கும் கேட்க முடியாது, விலைக்கும் கேட்க முடியாது. வெளியே தெருவில் கரண்டு கம்பத்து விளக்கு எரிந்தது. எப்போது வெயில் போனது என்றே தெரியவில்லை.

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். செல்வராணி அக்கா கையில் தட்டு, தட்டில் சாவி, கற்பூரம், எலுமிச்சம்பழம். "நீங்க வேதக்காரங்க. டயருக்குப் பழம் வச்சா தப்பில்லையே?" என்று அப்பாவிடம் கேட்டார். "வைங்க வைங்க, நாலு டயருக்கும் வைங்க. பொறவு நாங்க கொண்டுபோயி ஃபாதர்கிட்ட மந்திரிச்சுக்கிடுவோம். ரெண்டு பேருமா சேர்ந்து பாத்துக்கட்டும்" என்றார் அப்பா. அண்ணாச்சி சிரித்தார், ஆனால் கண் வண்டியின் மேலேயே இருந்தது. துணியை எடுத்து நான் பானெட்டில் வைத்த கைரேகையை வட்டமாகத் துடைத்தார். இனி யாருக்காகத் துடைக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்பா என் பக்கம் வந்தார். தட்டை வாங்குவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா?" மூன்று வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லலாம், இப்போதும் சொல்லலாம். "நல்லா இருக்குப்பா" என்றேன். "ஒரு பொட்டு துரு இல்ல. எடுத்துருவோம்." அவர் மூச்சை விட்டார், அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டுதான் காப்பி குடித்திருக்கிறார். "வீட்டுல நிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு ஆளை வரச் சொல்லுங்க. டயரு மண்ணுல இறங்கியிருக்கு, தோண்டித்தான் எடுக்கணும். நானே தோண்டித் தாரேன்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. அப்பா என் தலையில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார், நாங்கள் அப்படித் தொட்டுக்கொள்கிற ஆட்கள் இல்லை.

சாவி குளிர்ந்து இருந்தது. திருகினேன், ஒரே திருகு, எஞ்சின் எழுந்தது, உடம்பு முழுக்க ஒரு சீரான நடுக்கம் ஏறியது. பின்னால் எடுக்கப் போனேன். "ஏ பிள்ள, நில்லு நில்லு!" என்று அண்ணாச்சி பதறினார். "கைமாறுன வண்டி முதல்ல பின்னால போகப்பிடாது. முன்னால ஒரு அடி வச்சிட்டுத்தான் எடுக்கணும்." "முன்னால சுவர்லா இருக்கு அண்ணாச்சி." "ஒரு சாண் இருக்கு. அது போதும். வா." ஒரு சாண் போகிறதற்கு முதல் கியர் போட்டு, கிளச்சை மயிரிழை மயிரிழையாக விட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தேன். பழங்கள் நசுங்கின. பல்லி ஓடியது. "போதும்!" என்று பானெட்டைத் தட்டினார், அந்தக் கையைக் கடைசியாக ஒரு நொடி அங்கேயே வைத்திருந்துவிட்டு, பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். அப்பா கேட்டுக்கு வெளியே தெருவின் நடுவில் போய் நின்றார். ஹார்பரில் லாரிக்குச் சைகை காட்டியே பழகிய கை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். நான் கழுத்தைத் திருப்பி, அந்த ஆள் இல்லாத சீட்டின் முதுகில் கையைப் போட்டு, பின் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன். எப்ப வருவ எப்ப வருவ என்று நோண்டிக் கேட்டேனே தவிர, ஃபோனில் நான் அவனிடம் ஒரு தடவைகூட வா என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டின் நடுவில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஃபோனை எடுத்து அந்த ஒரு எழுத்தை அடித்து அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது, கப்பல் நகர்ந்திருக்கும். பின்னால் அப்பா நான் பயந்து நின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, இரண்டு கையாலும் காற்றை இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வா, வா, யாரும் இல்ல, எவ்வளவோ இடம் இருக்கு, வா.